இந்த மண்ணில் விளையாதது

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கே, கீரனூருக்கும் விராலிமலைக்கும் இடைப்பட்ட வறண்ட செம்மண் பூமியில் ஆவூர் இருக்கிறது. மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைத் துறவிகள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஒரு தளம் அமைத்தார்கள். புஷே பாதிரியார் பெயர் இந்த ஊரோடு சேர்ந்தே வரும். வீரமாமுனிவரும் இங்கே பணிபுரிந்ததாகச் சொல்வார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக இங்குள்ள ஆலயப் பீடத்தில் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் வைக்கப்படுகின்றன. இரண்டுமே சுற்றுவட்டாரத்து வயல்கள் தந்தவை அல்ல. நெல்லும் வரகும் கேழ்வரகும் கடலையும் தெரிந்த மண் அது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 924ஆம் பிரிவு, அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாகவும், இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாக உண்டானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அரிசி அடையும் பனங்கள்ளும் அங்கே செல்லாது. இதை வைத்து எழும் கேள்வி கிறித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. கடவுளின் முன் வைக்கும் பொருள், வைப்பவரின் மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் முடிவு. ஆனால் கடவுள் மண்ணுக்கு அப்பாற்பட்டவர், ஆகவே எந்தப் பொருளாக இருந்தால் என்ன என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பொருள் மிகவும் முக்கியம். அந்த முக்கியத்துவம் மண்ணிலிருந்துதான் வருகிறது என்ற எண்ணத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் மண்ணையே பார்த்துவிடலாம். திராட்சைக் கொடி மத்தியதரைக் கடலோரத்து வானிலைக்குப் பழகியது. குளிரில் இலை உதிர்த்து உறங்க வேண்டும். மழை குளிர்காலத்தோடு முடிந்துவிட வேண்டும். காய் பழுக்கும் மாதங்களில் வானம் வறண்டு கிடக்க வேண்டும். புதுக்கோட்டையில் இந்த மூன்றும் இல்லை. கொடியை உறங்கவைக்கும் குளிர் இங்கே வருவதில்லை. ஆண்டு மழையில் ஒரு பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஈரத்தில் கொடியை அடிச்சாம்பல் நோய் சும்மா விடாது. மேற்கே பாறைக் குன்றுகளைச் சுற்றிச் சரளை மண்ணும், நடுவில் செம்புரை மண்ணும், கிழக்கே பாக் நீரிணையை நெருங்க நெருங்க உப்பேறிய நிலத்தடி நீரும் ஆக, மாவட்டத்தின் பெரும்பகுதியில் விவசாயி கண்மாயையும் கிணற்றையும் நம்பித்தான் பிழைக்கிறார். இந்த நிலத்துக்குத் திராட்சை ஒவ்வாது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதே தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், ஊர் ஊராகத் திராட்சைப் பந்தல்கள் நிற்கின்றன. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் மார்கழியிலும் பழம் கிடைக்கும், ஆடியிலும் கிடைக்கும். அங்கே மட்டும் கொடிக்கு உறங்கக் குளிர் இருக்கிறதா? இல்லை. கவாத்துக் கத்திதான் அங்கே குளிர்காலம். கிளைகளை வெட்டி, இலைகளை உதிரவைத்து, கொடியை ஏமாற்றி மறுபடியும் துளிர்க்கவைக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் வெட்டும் மாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதால் ஆண்டு முழுதும் அறுவடை நடக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் வேகத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றின் நீரைக் கிழக்கே திருப்பித் தருகிறது.

அந்தப் பந்தல்களில் தொங்கும் பன்னீர்த் திராட்சையை வேளாண் துறையினர் மஸ்கட் ஹாம்பர்க் வகை என்பார்கள். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832இல் அதைக் கொண்டுவந்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி. ஆண்டு சரிதானா என்பதைத் தாவர வரலாறு தெரிந்தவர்கள் விவாதிக்கட்டும்; கொடி வெளியிலிருந்து வந்தது என்பதில் விவாதம் இல்லை. அந்தப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ருசி இந்த நிலத்துக்கே உரியது என்பதற்குச் சட்டம் தரும் சான்றிதழ் அது. பெயரில் ஜெர்மானிய நகரம், நடவில் பிரெஞ்சுப் பாதிரியார், பாய்ச்சலில் வெள்ளைக்காரப் பொறியாளரின் அணை, இவற்றோடு பல தலைமுறை விவசாயிகளின் கத்தி. அத்தனையும் சேர்ந்துதான் கம்பம் மண்ணின் குணம். புறநானூற்றில் ஔவையார் நிலத்தை நோக்கிப் பேசும் 187ஆம் பாட்டு இதைத்தான் முன்பே சொல்லிவிட்டது. நாடோ காடோ, மேடோ பள்ளமோ, ஆண்கள் எங்கே நல்லவர்களோ அங்கே நீயும் நல்லவள் என்கிறார் அவர். அங்கே பெண்களை ஏன் விட்டுவிட்டார் என்று இன்று கேட்கலாம். ஆனால் நிலத்துக்கென்று தனியாக ஒரு நன்மையும் தீமையும் கிடையாது, அதில் உழைப்பவர்களின் குணமே அதன் குணம் என்ற கருத்து வலுவானது. மண்ணில் பிறந்தது என்று நாம் காட்டும் எந்தப் பொருளையும் சற்றுத் தோண்டினால், அடியில் மனிதர்களும் பயணங்களும்தான் தட்டுப்படுகிறார்கள்.

இதற்கு எதிரான வாதத்தை அதன் முழு பலத்தோடு வைப்பதுதான் நியாயம். தமிழ் மரபில் தெய்வம் நிலத்தோடு சேர்ந்தே பேசப்படுகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்து, தெய்வத்தை உணவோடும் மரத்தோடும் விலங்கோடும் பறையோடும் சேர்த்துக் கருப்பொருளாக்கியது. குறிஞ்சித் தெய்வத்துக்குத் தினையும் தேனும். ஐயனாருக்குக் கண்மாய்க் கரையும் அந்தக் கரையில் வெட்டாமல் விட்ட கோயில் காடும். அந்தந்த நிலத்தில் கிடைப்பதை அந்தந்தத் தெய்வத்துக்குப் படைப்பது ஒரு வசதி மட்டுமன்று. நிலம் தருவதை நிலத்தின் தலைவருக்கே திருப்பித் தரும் நன்றி அது. இந்தப் பார்வையில், தன் வயலில் விளையாத ஒன்றைக் கப்பலில் வரவழைத்து வைப்பவர் எதைத் திருப்பித் தருகிறார்? கிறித்தவத்தின் உள்ளேயே இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இறையியலாளர்கள் சிலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்து தன் நாட்டில் அன்றாடம் உண்ட எளிய உணவைத்தான் கையில் எடுத்தார்; ஆகவே சோறு உண்ணும் நாட்டில் சோற்றைக் கையில் எடுப்பதே அவரைப் பின்பற்றுவது என்றார்கள். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் புதுக்கோட்டையின் சாமிகளிடமே போய்ப் பார்த்தால், இந்த வாதம் சொல்லும் அளவுக்கு அவர்கள் மண்ணோடு கட்டுண்டவர்களாக இல்லை. நமுணசமுத்திரத்தில் ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட ஐயனாரின் பெரிய குதிரைக்கு மாசி மகத்தன்று காகித மாலைகள் குவியும். சுடுமண் குதிரையின் மண் கண்மாய் மண், அதில் ஐயமில்லை. குதிரை? குதிரை தமிழ் நிலத்து விலங்கே அன்று. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல் வழியாகத்தான் இறங்கின. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபு வணிகர்கள் ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகளைக் கொண்டுவந்து விற்பதையும், அவை இந்த வெக்கையில் பராமரிப்புத் தெரியாமல் செத்துப்போவதையும் குறித்திருக்கிறார். இந்தக் குதிரை வாணிபம்தான் இதே மாவட்டத்து ஆவுடையார்கோயில் என்கிற திருப்பெருந்துறையின் தலபுராணத்துக்கே அச்சாணி. பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பணத்தோடு வந்த வாதவூரர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பணத்தைத் திருப்பணிக்குச் செலவிட்டு, மாணிக்கவாசகர் ஆனார். மண்ணின் காவல்காரராக நாம் நினைக்கும் ஐயனார் ஏறிவருவது வெளிநாட்டிலிருந்து வந்த வாகனம். சைவத்தின் மிக நெருக்கமான பக்திக் கதை ஒன்று தொடங்குவது ஓர் இறக்குமதிக் கணக்கில்.

கர்ப்பூரத்தின் கதையும் வேறில்லை. பழங்காலத்தில் உயர்ந்த கர்ப்பூரம் சுமத்ரா, போர்னியோக் காட்டு மரங்களிலிருந்து வந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில், கர்ப்பூரத்துக்குப் பெயர்போன பாருஸ் துறைமுகத்தை ஒட்டிய லோபு துவாவில், 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதை வெட்டியவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். அத்தகைய குழுக்களின் தடம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் கல்வெட்டுகளில் வருகிறார்கள். நார்த்தாமலை தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயரோடு வணிகர் நகரமாக இருந்தது. கடல் தாண்டி வந்த வாசனை கருவறையில் எரிந்தபோது, இது நம் மண் இல்லையே என்று எந்த அர்ச்சகரும் தயங்கியதாகத் தெரியவில்லை. இன்னும் எளிய சாட்சி சர்க்கரைப் பொங்கல். அதில் மிதக்கும் முந்திரி போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் கொட்டை. இன்று ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் வறுத்து விற்கப்படும் முந்திரியைப் புதுக்கோட்டைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெருமையாகச் சொல்கிறார்கள், நியாயமாகவே. முந்திரிக்குப் பக்கத்தில் கிடப்பது உலர்ந்த திராட்சை. ஆவூர்ப் பீடத்தில் அந்நியமாகத் தெரியும் கனி, பெருமாள் பிரசாதத்தில் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. திராட்சை மதுவும் தமிழகத்துக்குப் புதிதன்று. யவனர் கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூற்று 56ஆம் பாட்டு பாடுகிறது. ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகள், அந்த வாணிபம் இந்த வட்டாரத்தையும் எட்டியது என்பதற்குப் போதும்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் என்னை நிறுத்துவார். ஐயனாரின் குதிரை மண்ணால் செய்யப்பட்டது. அரபு நாட்டுக் குதிரையைக் கட்டி வைத்தால்தான் சாமி வரும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அயலிலிருந்து வந்த ஒன்றை உள்ளூர்க் களிமண்ணுக்கு மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அங்கே இருந்தது. அதே சுதந்திரத்தைத் திருச்சபை ஏன் தரவில்லை? இது நியாயமான கேள்வி. சொல்லப்போனால் வைதிக மரபு இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தது. ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் பிரதிநிதியை, அதாவது மாற்றுப் பொருளைப் பற்றி விவாதிக்கிறது. யாகத்துக்கு விதித்த நெல் கிடைக்காவிட்டால் நீவாரம் என்னும் காட்டு நெல்லைக் கொள்ளலாம். சோமக்கொடி கிடைக்காவிட்டால் பூதீகம் என்னும் செடியைப் பிழியலாம். ஆனால் தேவதையை மாற்ற முடியாது, மந்திரத்தை மாற்ற முடியாது, அக்கினியையும் செயலையும் மாற்ற முடியாது. பொருளுக்கு மாற்று உண்டு, பொருளை எதற்காக வைக்கிறோமோ அதற்கு மாற்றில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது மீமாம்சகர்கள் சேர்க்கும் ஒரு நுணுக்கம்: காட்டு நெல் ஏன் செல்லும் என்றால், நெல்லின் கூறுகள் அதில் இருப்பதால். அதாவது மாற்றுப் பொருளை எடுக்கும் கை, கிடைக்காத மூலப்பொருளைத்தான் தேடுகிறது. பூதீகத்தைப் பிழிபவர் சோமத்தை மறந்தவர் அல்லர்.

அப்படியானால் திராட்சைக்கும் ஒரு பூதீகம் இருக்கக்கூடாதா? இங்கேதான் படையலையும் நினைவையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. படையல் என்பது என்னிடம் இருப்பதைத் தருவது. அதன் மிகத் தூய வடிவம் ஆவுடையார்கோயிலிலேயே இருக்கிறது. அங்கே கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை, ஆவுடை மட்டுமே. ஆத்மநாதருக்கு நிவேதனம், கல்லின் மேல் பரப்பிய புழுங்கலரிசிச் சோற்றின் ஆவி. மற்றச் சிவன் கோயில்களில் புழுங்கலரிசியை நிவேதனத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். இங்கே அதுதான், கூடவே கீரையும் பாகற்காயும். வீட்டில் இருந்ததை எடுத்து வந்த உரிமை அதில் தெரிகிறது. படையலுக்கு உள்ளூர்ப் பொருளே பொருத்தம் என்பவர்களோடு இந்த இடத்தில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் ஆவூர்ப் பீடத்தில் நடப்பது முதன்மையாக, இருப்பதைத் தரும் செயலாகத் தன்னை நினைத்துக்கொள்வதில்லை. ஓர் ஊரில், ஓர் இரவில், ஒரு மேசையில் நடந்ததை மறுபடியும் செய்வதாகவே அது தன்னை விளக்குகிறது. நினைவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. திவசச் சமையலில் பச்சை மிளகாய்க்கு இடமில்லாமல் மிளகு மட்டும் போவது ஏன்? மிளகாய் கெட்டது என்பதால் அன்று. மிளகாய் இந்த மண்ணுக்கு வருவதற்கு முந்தைய தலைமுறைகளின் சாப்பாட்டை நினைவு பிடித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். மிளகாய் வந்து ஐந்நூறு ஆண்டுகளாகி, இன்று எந்தத் தமிழ் வயலிலும் விளைகிறது. மண்தான் அளவுகோல் என்றால் எப்போதோ உள்ளே விட்டிருக்க வேண்டும். திவசமும் திருப்பலியும் வேறு வேறு உலகங்கள், ஆனாலும் இரண்டிலும் இலையில் விழுவதைத் தீர்மானிப்பது வயல் அன்று, யாரை நினைக்கிறோம் என்பது.

கடினமான ஆட்சேபம் இன்னும் மீதமிருக்கிறது. நினைவு என்று அழகாகச் சொன்னாலும், நடைமுறையில் அது ஒரு கடலோரத்துத் தாவரத்தை உலகத்துக்கே சட்டமாக்கியது. அதைச் செய்தவர்கள் கப்பலும் பீரங்கியும் வைத்திருந்தவர்கள். கேரளத்துப் புனித தோமையார் கிறித்தவர்கள் நல்ல மது கிடைக்காதபோது உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து நூற்றாண்டுகளாகச் சமாளித்துவந்தார்கள். 1599இல் உதயம்பேரூரில் கூடிய சங்கம் உள்ளூர் வழக்கங்களைக் கண்டித்து, போர்ச்சுகல் மதுவையே பயன்படுத்த வேண்டும் என்றது. இது வெறும் நினைவு காக்கும் ஆர்வம் என்று சொன்னால் அது பொய். யாருடைய துறைமுகத்திலிருந்து பீப்பாய் வருகிறதோ அவருடைய அதிகாரமும் கூடவே வந்தது. இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி அந்த அதிகாரத்தைவிட வயதானது. 1237இல் நார்வே நாட்டுப் பேராயர் சிகுர்து, திராட்சை விளையாத தங்கள் குளிர்நாட்டில் வேறு பானத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டபோது, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி முடியாது என்று எழுதினார். வெள்ளைக்காரரும் வடக்கே பிறந்தால் தன் வயலில் விளையாததைத்தான் பீடத்தில் வைத்தாக வேண்டியிருந்தது. அதே நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதே ஆட்சேபத்தை எடுத்துக்கொண்டு, கோதுமையும் திராட்சையும் எல்லா நாட்டிலும் விளையாவிட்டாலும் இந்தத் திருச்சடங்குக்குத் தேவையான அளவு எல்லா நாட்டுக்கும் கொண்டுபோக முடியும் என்று பதில் சொன்னார். பார்வைக்கு இது சரக்குப் போக்குவரத்துப் பதில். ஓர் இறையியலாளர் இவ்வளவு சாதாரணமாகத் தப்பித்திருக்கிறாரே என்று தோன்றும். எனக்கு அது அவருடைய ஆழமான பதில்களில் ஒன்று. தேவையான அளவு என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். ஒரு பீடத்துக்கு வேண்டியது சில துளிகள். அதற்காக ஒரு நாட்டின் வயல்களை மாற்ற வேண்டாம், குடிகளின் உணவை மாற்ற வேண்டாம். யாரோ ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

மதுரைக்கு 1606இல் வந்து சேர்ந்த சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, மாற்றக்கூடியதற்கும் மாற்றக்கூடாததற்கும் இடையிலான கோட்டைத்தான் நடைமுறையில் போட்டார் என்று நினைக்கிறேன். உடையை மாற்றினார், புலாலை விட்டார், சந்தனம் பூசினார், தமிழில் எழுதினார். சாதிக்கு இடம் கொடுத்ததில் அளவுக்கு மீறியே மாறினார், அதை மன்னிக்க முடியாது. இவ்வளவு மாற்றிய மனிதர் அப்பத்தையும் இரசத்தையும் மட்டும் தொடவில்லை. அவருடைய எதிரிகள் தொடுத்த வழக்குகள் நூறாண்டுக்கு மேல் நீண்டு, 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட இந்த உள்ளூர் வழக்கங்களுக்கு எதிராகத் தீர்ப்பெழுதியபோதும், பூணூல், குடுமி தொடங்கித் தாலி, திருநீறு வரையானவைதான் சண்டைப் பொருளாயின. கிண்ணத்தில் இருந்தது இல்லை. நொபிலி வழியில் வந்தவர்களே ஆவூரில் அமர்ந்தார்கள். தமிழில் பாடி, தமிழராக உடுத்தி, கடல் வழி வந்த சில துளிகளைக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். இதில் முரண்பாடு காண்பவர்கள் கண்மாய்க் கரைக்கு வந்து அந்தக் குதிரைகளையும் பார்க்க வேண்டும்.

இன்று இரசத்துக்கான திராட்சை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே விளையக்கூடும். புவிசார் குறியீடு அதைத் தமிழ் மண்ணின் பொருள் என்று பதிவும் செய்துவிட்டது. அப்படி விளைந்த பழத்தைப் பிழிந்து ஆவூரில் வைத்தால், மண்ணை முன்வைத்து ஆட்சேபித்தவர்களுக்குத் திருப்தி வந்துவிடுமா? வராது என்றே நினைக்கிறேன். கோதுமையையும் ஏதோ ஒரு மலைச்சரிவில் விளைவித்துக் காட்டினாலும் வராது. அவர்களை உறுத்துவது அந்தக் கதை வேறோர் ஊரில் நடந்தது என்பதுதான். அதை அப்படியே சொன்னால் நேர்மையான விவாதம் நடக்கும். கதை வேறோர் ஊரில் நடந்தால் அது நமக்குச் செல்லுமா என்பது தீவிரமான கேள்வி, அதற்குப் பதில் வேறு இடத்தில் தேட வேண்டும். நடுவில் செம்புரை மண்ணையும் ஐப்பசி மழையையும் சாட்சிக்கு அழைப்பதுதான் சரியில்லை. அந்த மண், வெளியிலிருந்து வந்த கடலைக்கும் முந்திரிக்கும் இடம் கொடுத்தபோது யாரையும் ஊர் பெயர் கேட்கவில்லை.